நீர் வளர்ப்புத் தொகுதியில் கசிவு: கண்டறிதல், திருத்துதல், தடுத்தல்

பாடம்: விவசாயமும் உணவுத் தொழினுட்பமும்
பகுதி: மண்ணின்றிய பயிர்ச்செய்கை

மண்ணின்றிய பயிர்ச்செய்கையின் நன்மைகளை எழுதுமாறு கேட்டால் மாணவர்கள் தயக்கமின்றி எழுதுவர். மண்ணால் பரவும் நோய்கள் குறைவு, களைத் தொல்லை இல்லை, நீரும் உரமும் வீண்விரயமாவது குறைவு. இவற்றுள் கடைசியில் கூறியது ஒரு நிபந்தனையின் பேரிலேயே உண்மையாகும். தொகுதி ஒழுகக்கூடாது என்பதே அந்நிபந்தனை. வீட்டில் பெட்டி வைத்துச் சலாது நட்டுப் பார்த்த மாணவருக்கு இது தெரிந்திருக்கும். பத்தாம் நாள் காலையில் பெட்டியின் அடியில் ஈரம். மூடியைத் தூக்கினால் வேர்கள் காற்றில் தொங்குகின்றன. நடுப்பகலுக்குள் இலைகள் வாடிவிடும்.

மண்ணில் நட்ட பயிருக்கு ஒரு நாள் நீர் ஊற்ற மறந்தாலும் மண் துணிக்கைகளுக்கிடையே தங்கியுள்ள நீர் அதைத் தாங்கிக்கொள்ளும். நீர் வளர்ப்பில் அத்தகைய சேமிப்பு கிடையாது. கரைசல் போனால் எல்லாம் போயிற்று. ஆகவே கசிவு பற்றிய அறிவை இம்முறையின் பராமரிப்பில் ஒரு முக்கிய பகுதியாகக் கொள்ள வேண்டும்.

1. தொகுதியின் வகையும் கசியும் இடமும்

திரவ ஊடக வளர்ப்பில் இரு வகைகளை இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கரைசல் சுற்றோட்டமின்றி ஒரே பெட்டியில் நிற்கும் முறை. நமது நாட்டில் வீடுகளிலும் பாடசாலைகளிலும் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. ரெஜிபோம் பெட்டி ஒன்றின் உட்புறத்தில் கறுப்புப் பொலித்தீன் விரித்து, அல்பேட் கரைசல் நிரப்பி, மூடியில் துளையிட்டு நாற்றுக் கிண்ணங்களைப் பொருத்துவர். ரெஜிபோம் என்பது சிறு மணிகள் ஒட்டி உருவான பொருள். மணிகளுக்கிடையே நுண்ணிய வெளிகள் உண்டு. எனவே நீரைத் தாங்குவது பெட்டியன்று, பொலித்தீனே. பெட்டி அதற்கு உருவமும் வெப்பக் காப்பும் மட்டுமே கொடுக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னர் வரும் பல விடயங்கள் எளிதில் விளங்கும்.

இரண்டாவது, பீ.வீ.சீ குழாய்களினூடாகக் கரைசலைப் பம்பியினால் சுற்றவிடும் முறை. இங்கிலாந்தில் 1960களில் அலன் கூப்பர் உருவாக்கிய போசணைப் படல நுட்பம் இவ்வகையைச் சேர்ந்தது. இங்கு பொருத்துக்கள் பல. எல்போ, சொக்கற், முனை மூடி, இறப்பர் வளையம் என ஒவ்வொரு பொருத்தும் ஒழுகக்கூடிய ஓரிடமாகும்.

முதன்முதலில் தொடங்குபவர் முதலாவது வகையையே தெரிவு செய்வது நல்லது. அதில் அடியில் துளையிட்டுக் குழாய் பொருத்த வேண்டியதில்லை. துளை இல்லாத இடத்தில் துளை ஒழுகாது. பழைய கரைசலை வெளியேற்ற வேண்டுமானால் ஒரு சிறு குழாயை நீரால் நிரப்பி, ஒரு முனையைப் பெட்டிக்குள்ளும் மறுமுனையைத் தாழ்வாக வாளிக்குள்ளும் விட்டால் கரைசல் தானாகவே இறங்கிவிடும்.

2. ஒழுகுகிறதா, பயிர் குடிக்கிறதா?

மட்டம் குறைந்தவுடன் "ஒழுகுகிறது" என்று முடிவு செய்து பசைக் குப்பியைத் தேடுவதே பலரும் செய்யும் முதற்பிழை. பெட்டியில் மட்டம் குறைவதற்கு இரு பெரும் வழிகள் உண்டு. ஒன்று கசிவு. மற்றது தாவரம் வேரால் உறிஞ்சி இலைவாய்களினூடாக ஆவியுயிர்ப்பினால் இழக்கும் நீர். பெட்டி மூடியிருப்பதால் நேரடியான ஆவியாதல் சிறிதளவே.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது எப்படி? உங்கள் விஞ்ஞான பாட அறிவே இதற்குப் போதும்.

பெரும்பாலான தாவரங்களின் இலைவாய்கள் இரவில் மூடியிருக்கும். எனவே இரவில் ஆவியுயிர்ப்பு மிகக் குறைவு. துளையோ இரவென்றும் பகலென்றும் பார்ப்பதில்லை. மாலை 6 மணிக்கு மெல்லிய தடி ஒன்றைப் பெட்டியின் ஒரு மூலையில் மெதுவாக இறக்கி, நனைந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தடியின் முனை பொலித்தீனைக் குத்தாதபடி மழுங்கலாக இருக்க வேண்டும். மறுநாள் காலை 6 மணிக்கும், அன்று மாலை 6 மணிக்கும் அதே மூலையில் மீண்டும் அளவுங்கள். பகலில் மட்டும் மட்டம் குறைந்திருந்தால் பயிர் குடித்திருக்கிறது. அது நல்ல செய்தி. இரவிலும் தெளிவாகக் குறைந்திருந்தால் கசிவு உண்டு.

மின் கடத்துதிறன் மானி உள்ள பாடசாலையில் இன்னொரு வழியும் உண்டு. ஆவியுயிர்ப்பின்போது இலையால் வெளியேறுவது நீர் மட்டுமே. உப்புக்களில் ஒரு பகுதியைத் தாவரம் உள்ளெடுத்தாலும் மிகுதி பெட்டியிலேயே தங்கும். ஆகவே வெப்பமான நாட்களில் மட்டம் விரைவாகக் குறையும்போது கரைசலின் செறிவும் மின் கடத்துதிறனும் கூடும். கசிவின்போது நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால், கசிவினால் செறிவு மாறுவதில்லை.

இவ்வேறுபாடு எதற்காக? குறைந்த அளவை எதனால் ஈடு செய்வது என்பதை இதுவே தீர்மானிக்கிறது. பயிர் குடித்த பெட்டிக்கு மீண்டும் மீண்டும் முழுச் செறிவுக் கரைசலை ஊற்றினால் உப்புச் செறிவு ஏறி, பிரசாரணத்தினால் வேர் நீரை உறிஞ்ச முடியாமல் போகும், இலை ஓரங்கள் கருகும். ஒழுகிய பெட்டிக்கு வெறும் நீரை ஊற்றிக்கொண்டேயிருந்தால் போசணை ஐதாகி, இலைகள் மஞ்சளாகும். இரண்டிலும் மாணவர் "நோய்" என்று நினைத்து வேறு மருந்து தேடுவார். காரணமோ ஊற்றிய வாளியில் இருக்கும்.

எவ்வளவு நட்டம் என்பதையும் கணித்துப் பார்க்கலாம். ஏறத்தாழ 20 துளிகள் ஒரு மில்லிலீற்றர் எனக் கொள்வோம். செக்கனுக்கு ஒரு துளி வீதம் சொட்டினால் நிமிடத்துக்கு 3 மில்லிலீற்றர், மணித்தியாலத்துக்கு 180 மில்லிலீற்றர், ஒரு நாளைக்கு 4.32 லீற்றர். 60 ச.மீ. நீளமும் 40 ச.மீ. அகலமும் உள்ள பெட்டியில் 1 ச.மீ. மட்டம் என்பது 2.4 லீற்றர். ஆகவே அந்தச் சிறு சொட்டு ஒரு நாளில் மட்டத்தை 1.8 ச.மீ. இறக்கிவிடும். 15 ச.மீ. ஆழக் கரைசல் சுமார் எட்டு நாளில் தீர்ந்துவிடும்.

3. கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

ஈரம் தெரியும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ரெஜிபோம் பெட்டியில் பொலித்தீன் மேல் விளிம்புக்கு அருகே கிழிந்திருந்தாலும், நீர் பொலித்தீனுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே இறங்கி அடியிலுள்ள மூலையிலேயே வெளிவரும். குழாய்த் தொகுதியில் நீர் குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டே ஓடி, மிகத் தாழ்ந்த இடத்தில் சொட்டும். ஆகையால் சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடிச் செல்ல வேண்டும். வெளிப்புறம் முழுவதையும் துணியால் துடைத்து உலர்த்தி, ஒவ்வொரு பொருத்தையும் சுற்றி உலர்ந்த பத்திரிகைத் தாள் துண்டைக் கட்டி அரை மணித்தியாலம் விடுங்கள். முதலில் நனையும் தாள், மேலே உள்ள தாள், இவ்விரண்டும் வழிகாட்டும்.

வெளியில் காணும் ஈரம் எல்லாம் கசிவன்று. நுவரெலியா போன்ற குளிரான, ஈரப்பதன் மிகுந்த இடங்களில் குளிர்ந்த தாங்கியின் புறத்தே நீராவி ஒடுங்கித் துளிகளாகும். அத்துளி உலர்ந்தால் எதுவும் மிஞ்சாது. போசணைக் கரைசல் உலர்ந்தாலோ வெண்ணிறமான உப்புப் படிவு மிஞ்சும். பழைய பொருத்து ஒன்றின் விளிம்பில் வெள்ளைப் படிவு கண்டால், தற்போது உலர்ந்திருந்தாலும் அங்கு ஒரு மெல்லிய கசிவு உண்டென்று எழுதிக்கொள்ளலாம்.

துளையே இல்லாமலும் பெட்டி வெறுமையாகலாம். பொலித்தீன் விளிம்பின் மேலாக ஒரு துணித் துண்டோ, தும்புத்தூள் கட்டிய சீலையோ, ஒரு கற்றை வேரோ கரைசலிலிருந்து வெளியே தொங்கினால், மயிர்த்துளைத் தன்மையினால் நீர் அதனூடாக ஏறி மறுபுறம் சொட்டும். எங்கும் கிழிவு காணாமல் மூன்று நாள் தேடிய பின்னர் இதைக் கண்டவர்கள் உண்டு.

நீர் வெளியேறும் வேகம் துளையின் ஆழத்தைப் பொறுத்தது என்பதையும் நினைவில் கொள்க. திரவ அமுக்கம் = உயரம் × அடர்த்தி × புவியீர்ப்பு ஆர்முடுகல். 0.15 மீற்றர் ஆழத்தில் அது 0.15 × 1000 × 10 = 1500 பஸ்கால். மேடை மேல் 1.5 மீற்றர் உயரத்தில் வைத்த தாங்கியிலிருந்து இறங்கும் குழாயின் அடியில் அது 15 000 பஸ்கால். பெட்டி அகலமாக இருப்பதால் அமுக்கம் கூடாது. உயரம் கூடினாலேயே கூடும். மட்டத்தைக் குறிக்கும்போது கசிவு ஒரு குறிப்பிட்ட உயரத்துடன் நின்றுவிட்டால் துளை அந்த உயரத்திலேயே உள்ளது என்பதும் இதிலிருந்து விளங்கும். அந்த மட்டத்தைச் சுற்றி மட்டும் தேடினால் போதும்.

4. திருத்துதல்

முதலில் பயிரைக் காப்பாற்றுங்கள். மூடியைச் செடிகளுடன் அப்படியே தூக்கி, கரைசல் உள்ள வேறொரு பேசினின் மேல் நிழலில் வையுங்கள். வேர் உலர்ந்துவிட்டால் பின்னர் எவ்வளவு சிறப்பாகத் திருத்தினாலும் பயனில்லை. பம்பி உள்ள தொகுதியாயின் கையை நீரில் வைக்கும் முன் சுவரிலுள்ள செருகியைக் கழற்றுங்கள். ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது. பம்பி 230 வோல்ற்றில் இயங்குகிறது, உப்புக் கரைசல் மின்னை நன்கு கடத்தும்.

இனிப் பசை. எந்தப் பொருளுக்கு எந்தப் பசை என்பது தெரியாமல் பூசுவதே பெரும் நட்டத்தைத் தருகிறது. ஒரு பாடசாலையில் மாணவர் குழு ஒன்று ரெஜிபோம் பெட்டியின் சிறு வெடிப்பை அடைக்க பீ.வீ.சீ பசையைத் தாராளமாகப் பூசியதை நேரில் கண்டேன். ஓரிரு நிமிடங்களில் வெடிப்பு இருந்த இடத்தில் விரல் நுழையும் துளை உண்டாயிற்று. அவர்கள் செய்த தவறு சோம்பலால் வந்ததன்று, அறியாமையால் வந்தது. பீ.வீ.சீ பசை சாதாரண கோந்து போன்றதன்று. அதிலுள்ள சேதனக் கரைப்பான் பீ.வீ.சீயின் மேற்பரப்பைக் கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக்குகிறது. அதே கரைப்பான் ரெஜிபோமையும் கரைத்துவிடும். தின்னர், பெற்றோல், நகப்பூச்சு நீக்கி ஆகியவையும் அவ்வாறே. ரெஜிபோமுக்கு அருகில் இவற்றைக் கொண்டுவரவே கூடாது.

சிலிக்கன் பசை கண்ணாடிக்கு நன்கு ஒட்டும். பொலித்தீனுக்கு ஒட்டாது. காய்ந்த பின் தோல்போல உரிந்து வரும். எனவே கிழிந்த பொலித்தீனுக்கு ஒட்டுப்போடுவதில் காலத்தைச் செலவிடாமல் புதிய விரிப்பை இடுவதே சிக்கனம். அவசரத்துக்கு, நன்கு உலர்த்திய பின் அகலமான நெகிழி ரேப்பை இருபுறமும் ஒட்டி ஒரிரு நாள் சமாளிக்கலாம். அதற்கு மேல் நம்பக்கூடாது.

குழாய்ப் பொருத்து ஒழுகினால் வெளிப்புறத்தில் பசையைக் குழைத்து அப்புவது பயன்தராது. உள்ளேயிருந்து தள்ளும் நீர் ஈரமான மேற்பரப்பில் பசையை ஒட்டவிடாது. பொருத்தின் இருபுறமும் அறுத்து அகற்றி, புதிய சொக்கற்றுடன் இணைக்க வேண்டும். குழாயை நேராக அறுத்து, பிசிறுகளைச் சான்ட் பேப்பரால் நீக்கி, துடைத்து உலர்த்தி, இரு மேற்பரப்புகளிலும் பசை பூசி, சொக்கற்றின் அடிவரை தள்ளி, சிறிது திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். ஒரு நாள் கழித்து நீர் விடுங்கள். பசையின் வாசனையை அடைத்த அறையில் சுவாசிக்கக் கூடாது, தீயின் அருகில் வேலை செய்யவும் கூடாது.

திருகும் பொருத்துக்களுக்குப் பசை வேண்டியதில்லை. வெள்ளை நிற ரெப்லோன் ரேப்பை, புரியின் முனை உங்களை நோக்கியிருக்க, மணிக்கூட்டு முள் செல்லும் திசையில் நான்கைந்து சுற்றுகள் இறுக்கமாகச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போதே கழன்றுவிடும். ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் நெகிழிப் புரி வெடிக்கும்.

5. கசியாத கசிவு: மின்தடையும் வேரும்

சுற்றோட்டத் தொகுதியில் நிலத்தில் காணும் நீர் பல வேளைகளில் நிரம்பி வழிந்த நீராகவே இருக்கும். பம்பி இயங்கும்போது கரைசலின் ஒரு பகுதி குழாய்களில் இருக்கிறது. மின்தடை ஏற்பட்டதும் அது முழுவதும் கீழ்த் தாங்கிக்கு இறங்குகிறது. தாங்கியில் இடமில்லாவிடின் வழிகிறது. ஆகவே பம்பி இயங்கும்போது தாங்கியை விளிம்புவரை நிரப்பக்கூடாது. பம்பியை வேண்டுமென்றே நிறுத்தி, எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, அதற்கும் சற்று அதிகமாக இடம் விடுங்கள்.

வேர்கள் அடர்ந்து வெளியேறும் துளையை அடைத்தாலும் குழாயில் மட்டம் உயர்ந்து செடி நட்ட துளைகளால் வழியும். அங்கு பசைக்கு வேலையில்லை, வேரை ஒதுக்குவதே திருத்தம். படல நுட்பத்துக்கு 1:40 அளவு சரிவு கொடுப்பது வழக்கம். 3 மீற்றர் குழாய்க்கு இது 7.5 ச.மீ. இடையில் தாங்கி இல்லாமல் குழாய் தொய்ந்தால் சரிவு கெட்டு அங்கே நீர் தேங்கும்.

6. தடுத்தல்

நாற்று நடும் முன் சாதாரண நீர் நிரப்பி 24 மணித்தியாலம் விட்டுப் பார்ப்பதைப் போன்ற மலிவான தடுப்பு வேறில்லை. உரமும் போகாது, பயிரும் போகாது. ஆனாலும் அவசரத்தில் பலர் தவிர்ப்பது இதைத்தான்.

பெட்டியின் உட்புறத்தில் கூர்மையான மணி, ஆணி, கல் இல்லாதவாறு தடவிப் பார்த்து, 500 கேஜ் கறுப்புப் பொலித்தீனை இரட்டையாக விரியுங்கள். மூலைகளை வெட்டாமல் மடியுங்கள். பொலித்தீனை இழுத்து விறைப்பாக ஒட்டினால் நீரின் நிறையால் மூலையில் கிழியும், ஆகவே தளர்வாக விட வேண்டும். விளிம்பில் வெயில் படும் பகுதி புறஊதாக் கதிர்களால் நொறுங்கும் என்பதால் அதை மூடியின் கீழ் மறையுங்கள். பெட்டி நிற்கும் இடம் மட்டமாக இருத்தல் வேண்டும். 36 லீற்றர் கரைசல் 36 கிலோகிராமுக்கும் சற்று அதிகம். நிரப்பிய பின் பெட்டியை இழுத்து நகர்த்தினால் வெடிப்பது நிச்சயம். எலி கடிக்கும் இடங்களில் மேசை மேல் வைப்பது நல்லது.

ஒழுகிய கரைசல் எங்கே போகிறது என்பதையும் சிந்திக்க வேண்டும். அதில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்படையில் தங்கியிருப்பதால் மேலே சிந்தும் நைத்திரேற்று கிணற்று நீரை எளிதில் அடையும். கசிவைப் பிடிக்க அடியில் வைத்த தட்டில் நீரைத் தேங்க விடுவதும் ஆபத்தே. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து நிறையுடலியாக ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். தட்டை நாள்தோறும் வெறுமையாக்குங்கள்.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: உட்புறம் 60 ச.மீ. நீளமும் 40 ச.மீ. அகலமும் உள்ள சுற்றோட்டமற்ற நீர் வளர்ப்புப் பெட்டியொன்றில் சலாதுச் செடிகள் வளர்கின்றன. மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை மட்டம் 0.8 ச.மீ. குறைந்தது. அன்று காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை 1.4 ச.மீ. குறைந்தது.

(அ) பெட்டி கசிகிறதா? காரணம் கூறுக.
(ஆ) 24 மணித்தியாலத்தில் கசிந்த அளவையும் பயிர் பயன்படுத்திய அளவையும் மதிப்பிடுக.
(இ) திருத்திய பின் எவ்வாறு மீள நிரப்புவீர்?

விடை:

(அ) ஆம். இரவில் இலைவாய்கள் மூடியிருப்பதால் ஆவியுயிர்ப்பு மிகக் குறைவு. மூடிய பெட்டியில் ஆவியாதலும் குறைவு. அவ்வாறிருந்தும் 0.8 ச.மீ. குறைந்தமைக்குக் கசிவே காரணமாதல் வேண்டும்.

(ஆ) பெட்டியின் அடிப்பரப்பு 60 × 40 = 2400 ச.ச.மீ. இரவு இழப்பு 2400 × 0.8 = 1920 மில்லிலீற்றர். பகலிலும் அதேயளவு கசிந்தது எனக் கொண்டால் மொத்தக் கசிவு 3840 மில்லிலீற்றர், அதாவது 3.84 லீற்றர். பகலில் மொத்த இழப்பு 2400 × 1.4 = 3360 மில்லிலீற்றர். இதில் பயிர் பயன்படுத்தியது 3360 − 1920 = 1440 மில்லிலீற்றர், அதாவது 1.44 லீற்றர். (பகல் இழப்பு முழுவதையும் பயிரின் கணக்கில் எழுதுவதே இவ்வினாவில் அடிக்கடி நேரும் பிழை.)

(இ) கசிந்த 3.84 லீற்றருக்கு ஈடாக அதே செறிவுள்ள போசணைக் கரைசலும், பயிர் பயன்படுத்திய 1.44 லீற்றருக்கு ஈடாகச் சாதாரண நீரும் சேர்க்க வேண்டும். இங்கு குறைந்தது ஒரு நாளில் 2.2 ச.மீ. மட்டுமே என்பதால் முன்னிருந்த மட்டம் வரை நிரப்பலாம். மட்டம் பல நாட்களாகக் குறைந்திருந்தால் அவ்வாறு செய்யலாகாது. கரைசலுக்கு மேலே உள்ள வேர்கள் அந்நாட்களில் காற்றிலிருந்து நேரடியாக ஒட்சிசனைப் பெறும் வேர்களாக மாறியிருக்கும். விளிம்புவரை நிரப்பி அவற்றை மூழ்கடித்தால் செடி ஒட்சிசன் இன்றி வாடும். கீழ் வேர்கள் நனையுமளவுக்கு நிரப்பி, மேல் வேர்களைக் காற்றில் விட வேண்டும்.